கணினியை எழுப்புவது யார்? வலைவழித் துவக்கத்தின் நாற்பதாண்டு வரலாறு

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றை எழுதுகின்றனர். அல்லது அவற்றைச் செய்த நிறுவனங்களின், அவற்றை இறக்குமதி செய்ய அனுமதித்த அரசுக் கொள்கைகளின் வரலாற்றை எழுதுகின்றனர். மின்விசையை அழுத்திய கணத்திற்கும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் திரை கேட்கும் கணத்திற்கும் இடைப்பட்ட சில நொடிகள் அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஒரு கணினி யாருக்குக் கட்டுப்பட்டது என்பது அந்தச் சில நொடிகளிலேயே முடிவாகிவிடுகிறது. தன் வயிற்றிலுள்ள வன்வட்டிலிருந்து எழும் பொறி, அதன் முன் அமர்ந்திருப்பவருக்கு ஓரளவேனும் உரியது. அடுத்த அறையிலுள்ள வழங்கியிடமிருந்து தன் இயங்குதளத்தை இரந்து பெற்று எழும் பொறி, அந்த வழங்கியைப் பராமரிப்பவருக்கே உரியது. லினக்ஸ் வழங்கி ஒன்றை நிறுவி ஒரு கூடத்திலுள்ள கணினிகள் அனைத்தையும் வலையமைப்பின் வழியாகத் துவக்குவது இன்று ஒரு பிற்பகலில் முடிகிற பணி. அப்பணியில் கையாளப்படும் ஒவ்வொரு கருவியும் 1980களில் எழுந்த ஒரு சிக்கலின் தடத்தைச் சுமந்திருக்கிறது. அந்தத் தடங்களைப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கல் எளிதாகச் சொல்லத்தக்கது. நினைவகத்தில் நிரல் இருந்தால்தான் கணினி இயங்கும். நிரலை நினைவகத்தில் ஏற்றக் கணினி இயங்க வேண்டும். முன்பலகையிலுள்ள விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சில கட்டளைகளைக் கையால் ஏற்றியது முதல் தலைமுறைகளின் தீர்வு. பின்னர் அச்சில கட்டளைகள் அழியா நினைவகச் சில்லு ஒன்றில் நிலையாகப் பொறிக்கப்பட்டன. சில்லு வட்டைப் படித்தது, வட்டிலிருந்து இயங்குதளம் வந்தது. வட்டே இல்லாத பொறி என்ன செய்யும் என்ற கேள்வி 1980களின் தொடக்கத்தில் எழுந்தபோது அது பொருளாதாரக் கேள்வியாகவே எழுந்தது. ஒவ்வொரு ஆய்வாளரின் மேசையிலும் ஒரு பணிநிலையம் இருக்க வேண்டும் என்ற கனவு அப்போது உருவாகியிருந்தது. வன்வட்டின் விலையோ பணிநிலையத்தின் விலையில் பெரும்பங்காக இருந்தது. அதன் இரைச்சலும் வெப்பமும் தனி.

ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டன் தலைமையில் உருவான வி இயங்குதளக் குழு இக்கேள்விக்கு அளவீட்டால் விடை கண்டது. செரிட்டனும் வில்லி ஸ்வேனபோலும் 1983இல் வெளியிட்ட ஆய்வுரை, வட்டில்லாப் பணிநிலையங்கள் வலையமைப்பின் வழியே கோப்புகளைப் பெறுவது நடைமுறைக்கு ஏற்றதே என்று வாதிட்டது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் ஃபின்லேசன், டிமத்தி மேன், ஜெஃப்ரி மோகல், மார்வின் தைமர் ஆகிய நால்வரும் ஆர்எஃப்சி 903 என்ற ஆவணத்தில் ரார்ப் என்னும் நெறிமுறையை வகுத்தனர். பொதுவாக ஒரு கணினி தன் ஐபி முகவரியை அறிந்திருக்கும். பிறரின் வன்பொருள் முகவரியைத் தேடும். இங்கு அது தலைகீழாகிறது. வன்பொருள் முகவரி மட்டும் அட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும் பொறி, தன் வலையமைப்பெங்கும் கேட்குமாறு “நான் யார்?” என்று வினவுகிறது, பட்டியல் வைத்திருக்கும் வழங்கி ஒன்று அதன் பெயரை, அதாவது ஐபி முகவரியைச் சொல்கிறது. அதே மாதத்தில் வந்த ஆர்எஃப்சி 906, இவ்வாறு முகவரி பெற்ற பொறி டிஎஃப்டிபி வழியாகத் தன் முதல் நிரலைப் பெறலாம் என்று காட்டியது.

டிஎஃப்டிபியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இவ்வரலாற்றில் அதற்கு இணையான உறுப்பு வேறில்லை. எம்ஐடியைச் சேர்ந்த கேரன் சாலின்ஸ் 1981 ஜூனில் ஆவணப்படுத்திய இரண்டாம் பதிப்பே இன்றளவும் அடிப்படை. பெயரிலேயே அது தன்னை அற்பமான நெறிமுறை என்று அழைத்துக்கொள்கிறது. பயனர் பெயர் இல்லை, கடவுச்சொல் இல்லை, கோப்புகளின் பட்டியலைக் கேட்கும் வசதியும் இல்லை. கோப்பின் பெயரைச் சொன்னால் வழங்கி 512 பைட்டு கொண்ட துண்டு ஒன்றை அனுப்பும். பெற்றுக்கொண்டதாக மறுமுனை ஒப்புகை அனுப்பிய பின்னரே அடுத்த துண்டு வரும். 512க்குக் குறைவான துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். அவ்வளவே. இந்த எளிமைக்குக் காரணம் இருந்தது: இந்நெறிமுறையின் ஒரு முனை சில ஆயிரம் பைட்டு கொண்ட சில்லுக்குள் அடங்க வேண்டும். டிசிபி போன்ற முழுமையான நெறிமுறைக்கு அங்கு இடமில்லை.

எளிமைக்குரிய விலையும் இருந்தது. தாமதமாக வந்த ஒப்புகை ஒன்று இரட்டித்து, அதற்கு விடையாகத் துண்டு இரட்டித்து, அதற்கான ஒப்புகையும் இரட்டித்து, கோப்பு முடியும்வரை ஒவ்வொன்றும் இருமுறை பயணிக்கும் ஒரு பிழை அதில் இருந்தது. அழைத்த பூதத்தை நிறுத்தத் தெரியாத மந்திரவாதியின் சீடனைப் பற்றிய கதையையொட்டி அதற்குப் ‘மந்திரவாதியின் சீடன் நோய்’ என்று பெயரிட்டனர். 1992 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 1350 அதைத் திருத்தியது. மற்றொரு எல்லை இன்றும் தொல்லை தருகிறது. துண்டின் வரிசை எண்ணுக்கு 16 பிட்டுகள் மட்டுமே ஒதுக்கப்பட்டதால், மூல வடிவில் ஏறத்தாழ 32 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அனுப்ப வழியில்லை. கெர்னல் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிய காலத்தில் அது எவருக்கும் எல்லையாகத் தோன்றியிராது. 50 மெகாபைட்டு கோப்பொன்றை 512 பைட்டு துண்டுகளாக அனுப்ப வேண்டுமாயின் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை அனுப்பி, ஒரு லட்சம் முறை ஒப்புகைக்காகக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மில்லிநொடி என்று கொண்டாலும் நூறு நொடிகள். 1990களில் துண்டின் அளவைப் பேசி முடிவு செய்துகொள்ளும் வசதி சேர்க்கப்பட்ட பின்னரே இந்நெறிமுறைக்கு மறுவாழ்வு கிடைத்தது.

ரார்ப் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் அழைப்பு ஒரே வலைத்துண்டிற்குள் மட்டுமே கேட்கும், நுழைவாயிலைத் தாண்டாது. எனவே கட்டடத்தின் ஒவ்வொரு வலைத்துண்டிற்கும் ஒரு வழங்கி தேவைப்பட்டது. மேலும் அது முகவரியை மட்டுமே தந்தது. எந்த வழங்கியிடம் எந்தக் கோப்பைக் கேட்பது என்பதைச் சொல்லவில்லை. ஸ்டான்ஃபர்டின் பில் கிராஃப்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஜான் கில்மோரும் 1985 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்எஃப்சி 951, பூட்பி என்னும் நெறிமுறையால் இவ்விரு குறைகளையும் நீக்கியது. 300 பைட்டு கொண்ட ஒரே மடலில் பொறியின் முகவரி, வழங்கியின் முகவரி, ஏற்றவேண்டிய கோப்பின் பெயர் ஆகிய மூன்றும் அடங்கின. வழங்கியின் பெயருக்கு 64 பைட்டும் கோப்பின் பெயருக்கு 128 பைட்டும் ஒதுக்கப்பட்டன. வேற்று வலைத்துண்டிலுள்ள பொறியின் அழைப்பை இடைநின்று கடத்தும் இடைத்தரகருக்கும் அதில் இடமிருந்தது. தனக்கு முகவரி உண்டென்று இன்னும் அறியாத பொறிக்கு எந்த முகவரியிட்டு விடை அனுப்புவது என்ற கோழி–முட்டைச் சிக்கலை அவ்வாவணம் அதே பெயரில் ஒரு தனித் தலைப்பாக விவாதிக்கிறது. பல பொறிகள் ஒரே நேரத்தில் விழித்தால் வழங்கி திணறாதிருக்க, மறுமுறை கேட்கும் இடைவெளி தற்போக்காக நீள வேண்டும் என்றும் அது விதித்தது. மின்தடை நீங்கிய மறுகணம் நாற்பது பொறிகள் ஒருசேர விழிக்கும் நம் ஆய்வகங்களைக் கண்டவர்களுக்கு இந்த விதியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1993இல் ரால்ஃப் டிராம்ஸ் வகுத்த டிஎச்சிபி, பூட்பியின் மடல் வடிவத்தை அப்படியே தக்கவைத்துக்கொண்டது. இன்று கைப்பேசி ஒன்று கம்பியில்லா வலையமைப்பில் இணையும்போது அனுப்பும் முதல் மடலிலும் அந்த 64 பைட்டு இடமும் 128 பைட்டு இடமும் இருக்கின்றன. கைப்பேசிக்குத் துவக்கக் கோப்பு எதுவும் தேவையில்லை. ஆகவே அவ்விடங்கள் பெரும்பாலும் வெற்றாகவே பயணிக்கின்றன. வட்டில்லாக் கணினியை எழுப்பவே முகவரி வழங்கும் இம்முறை பிறந்தது என்பதற்கு ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் அனுப்பப்படும் கல்வெட்டு அது.

முகவரியும் முதல் நிரலும் கிடைத்தாயிற்று. இயங்குதளத்தின் கோப்புகள் எங்கிருந்து வரும்? சன் நிறுவனம் முதலில் என்டி என்னும் முறையைக் கையாண்டது. வழங்கியின் வட்டில் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு பகுதியை வெட்டி ஒதுக்கி, அதை வலைவழி வட்டாகக் காட்டுவது அம்முறை. 1980களின் நடுவில் வந்த என்எஃப்எஸ், வட்டுப் பகுதிகளுக்குப் பதிலாகக் கோப்புகளையே பகிர்ந்தது. 1988இல் வந்த சன்ஓஎஸ் 4.0 என்டியைக் கைவிட்டது. 4 மெகாபைட்டு நினைவகமும் ஒரு திரையும் மட்டும் கொண்ட சன் 3/50 இந்தத் தலைமுறையின் சின்னம். நினைவகம் போதாதபோது மிகுதியை வழங்கியின் வட்டில் இறக்கிவைக்க, நொடிக்கு 10 மெகாபிட்டு கொண்ட ஈதர்நெட்டை அது நாட வேண்டியிருந்தது. ஒரு வழங்கி நின்றால் ஒரு துறையே நின்றது.

இந்தியாவில் இதே காலம் வேறுவிதமாகக் கழிந்தது. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1986இல் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு, பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தையும் இந்திய அறிவியல் கழகத்தையும் ஐந்து ஐஐடிகளையும் இணைத்து எர்நெட்டைத் தொடங்கியது. இதற்கு வெளியே, பொதுமக்கள் அறிந்த கணினி என்பது டெர்மினலே. 1980களின் நடுவில் புதுதில்லியில் சிஎம்சி நிறுவனம் அமைத்த ரயில்வே முன்பதிவு முறையில் எழுத்தர் முன்னிருந்தது கணினியன்று; தொலைவிலுள்ள மையக் கணினியின் விசைப்பலகையும் திரையும் மட்டுமே. டெர்மினல் எதையும் துவக்குவதில்லை, ஏனெனில் அது எதையும் இயக்குவதில்லை. இவ்வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. டெர்மினல், வட்டில்லாக் கணினி, மெல்லிய கணினி ஆகிய மூன்றையும் ஒன்றாகவே எழுதிவிடுகின்றனர். வட்டில்லாக் கணினிக்குச் சொந்த மூளை உண்டு. அது எதைச் சிந்திக்க வேண்டும் என்பதை மட்டும் பிறர் தீர்மானிக்கின்றனர்.

இந்தியக் கல்லூரிகளுக்கும் தனியார் பயிற்சி நிலையங்களுக்கும் வட்டில்லாக் கணினி வந்து சேர்ந்தது நோவெல் நெட்வேர் வழியாகத்தான். 1990களில் படித்தவர்கள் அதை ‘நோடு’ என்றே அழைத்தனர். வலை அட்டையிலிருந்த வெற்றுக் குழியில் துவக்கச் சில்லு ஒன்று செருகப்பட்டிருக்கும். டாஸ் நெகிழ்வட்டு ஒன்றின் முழுப் படிமத்தையும் டாஸ்ஜென் என்ற கருவி ஒரே கோப்பாக்கி வழங்கியில் வைக்கும். அத்தனை நோடுகளும் அக்கற்பனை நெகிழ்வட்டிலிருந்து துவங்கும். தங்கள் கோப்புகள் ‘எஃப் டிரைவில்’ இருப்பதாகவே ஒரு தலைமுறை மாணவர்கள் நம்பினர். அந்த டிரைவ் குளிரூட்டப்பட்ட, பூட்டிய அறையில் இருந்தது. வன்வட்டின் செலவு மிச்சம் என்பது இந்த ஏற்பாட்டின் வெளிப்படைக் காரணம். நெகிழ்வட்டு இயக்கியும் இல்லாத பொறியில் மாணவர் எதையும் நகலெடுத்துச் செல்ல முடியாது, வைரஸைக் கொண்டுவரவும் முடியாது என்பது மற்றொரு காரணம். 1986இல் லாகூரில் பிறந்த பிரெயின் முதலான நெகிழ்வட்டு வைரஸ்களின் காலத்தில் அது சிறிய காரணமன்று. சிக்கனமும் கண்காணிப்பும் ஒரே சில்லில் அடங்கின. எது எதற்குச் சாக்காக இருந்தது என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம்.

வன்வட்டு மலிந்தபோது இக்கதை முடிந்திருக்க வேண்டும். வட்டில்லாக் கணினியைப் பொருளாதாரம் பெற்றெடுத்தது என்ற விளக்கம் முழுமையானதாக இருந்திருந்தால், 1990களின் பிற்பகுதியில் அது மறைந்திருக்கும். நடந்தது அதற்கு மாறானது. வட்டு மலிவானதும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வட்டு, ஒவ்வொரு வட்டிலும் ஓர் இயங்குதளம், ஒவ்வோர் இயங்குதளத்திலும் ஒரு தனிப் பழுது என்றாயிற்று. பொறியின் விலை குறைந்தது. அதைப் பராமரிக்கும் ஆளின் நேரம் அருகிற்று. ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் 1990களின் நடுவில் முன்மொழிந்த ‘நெட்வொர்க் கம்ப்யூட்டர்’ வட்டில்லாப் பொறியை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவர முயன்றது. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் ‘நெட்பிசி’ என்ற எதிர்ப்பொறியை முன்வைத்தன. சந்தையில் இரண்டுமே தோற்றன. ஆனால் அப்போட்டியின் மிச்சமாக, பராமரிப்புச் செலவைக் குறைக்கும் இன்டெலின் திட்டத்தின் கீழ் பிஎக்ஸ்இ என்னும் துவக்கத் தரம் உருவாகியது, அதன் 2.1ஆம் பதிப்பு 1999 செப்டம்பரில் வெளிவந்தது. தனியே வாங்கிச் செருகவேண்டிய சில்லு இனித் தாய்ப்பலகையிலேயே வந்தது. உலகில் விற்ற பெரும்பாலான மேசைக் கணினிகள், வாங்கியவர் கேளாமலேயே, வலைவழி எழும் ஆற்றலோடு வந்தன.

லினக்ஸ் இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. கெரோ கூல்மன் எழுதிய நிரல்பகுதி, என்எஃப்எஸ் வழியாகப் பெற்ற கோப்பகத்தையே தன் வேராகக் கொள்ளும் ஆற்றலை 1990களின் நடுவில் கெர்னலுக்குத் தந்தது. மார்க்கஸ் குட்ஷ்கே, கென் யாப் முதலியோரின் உழைப்பில் வளர்ந்த ஈதர்பூட், விலைகொடுத்து வாங்கும் துவக்கச் சில்லுகளுக்கு மாற்றாகக் கட்டற்ற துவக்க நிரலை அளித்தது. ஜிம் மெக்குவிலன் 1999இல் தொடங்கிய எல்டிஎஸ்பி இவற்றை ஒரே தொகுப்பாக்கியது. 16 மெகாபைட்டு, 32 மெகாபைட்டு நினைவகம் கொண்ட கழித்துக்கட்டிய பொறிகள் அதில் திரைகளாயின. பயன்பாடுகள் அனைத்தும் வழங்கியில் இயங்கின. பிசிகுவெஸ்ட் இதழோடு 1990களின் நடுவிலிருந்து வந்த குறுவட்டுகளே பல இந்தியக் கல்லூரிகளுக்கு லினக்ஸின் முதல் வாயில். பழைய பொறிகள் குவிந்து கிடந்த அக்கல்லூரிகளுக்கு எல்டிஎஸ்பி ஏன் கவர்ச்சியாகத் தோன்றியது என்பதை ஊகிக்கலாம்.

இத்தகைய வழங்கி ஒன்றை அமைக்கும்போது நடப்பதை வரிசையாகப் பார்த்தால், மேற்சொன்ன அடுக்குகள் தொல்லியல் குழியின் மண்ணடுக்குகளைப் போலத் தெரியவரும். பொறி விழித்ததும் டிஎச்சிபி மடலை வலையமைப்பெங்கும் எறிகிறது; தான் பிஎக்ஸ்இ வகையைச் சேர்ந்தது என்றும் தன் கட்டமைப்பு இன்னதென்றும் அதில் குறிப்பிடுகிறது. வழங்கி முகவரி தந்து, அடுத்து அணுகவேண்டிய வழங்கியையும் கோப்பின் பெயரையும் சொல்கிறது: 1985. பொறி டிஎஃப்டிபியால் அக்கோப்பை இறக்குகிறது: 1981. அக்கோப்பு, பீட்டர் ஆன்வின் எழுதிய பிஎக்ஸ்இலினக்ஸாக இருந்தால், அது தனக்குரிய அமைப்புக் கோப்பைத் தேடும் முறை விந்தையானது. முதலில் பொறியின் தனி அடையாள எண்ணால் தேடும். பின் வன்பொருள் முகவரியால். பின் ஐபி முகவரியைப் பதினாறடிமான எண்ணில் எட்டு எழுத்தாக எழுதி அப்பெயரால் தேடும். கிடைக்காவிடில் கடைசி எழுத்தை நீக்கிவிட்டு மீண்டும், பின் மேலும் ஓரெழுத்தை நீக்கிவிட்டு மீண்டும், என்று ஒரே எழுத்து எஞ்சும்வரை கேட்டுக்கொண்டே போகும். எதுவும் இல்லையெனில் பொதுக் கோப்பை எடுத்துக்கொள்ளும். முகவரியைப் பதினாறடிமானத்தில் எழுதிக் கோப்புக்குப் பெயரிடும் வழக்கம் சன் பணிநிலையங்களுடையது. எழுத்தெழுத்தாகக் குறைத்துத் தேடுவதால், ஒரு பொறிக்கும், ஒரு வரிசைக்கும், ஒரு முழு வலைத்துண்டிற்கும் தனித்தனி விதி எழுத முடிகிறது. பட்டியலைக் கேட்கும் வசதி டிஎஃப்டிபியில் இல்லாததால், ‘எனக்கென்ன இருக்கிறது?’ என்று கேட்க வழியின்றி, ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்க்கும் நிலை. பின்னர் கெர்னலும் தொடக்க நினைவகப் படிமமும் இறங்குகின்றன. கெர்னல் என்எஃப்எஸ் வழியே தன் வேரைப் பற்றுகிறது.

அந்த வேரிலும் ஓர் அதிகாரச் சிக்கல் உண்டு. என்எஃப்எஸ் வழங்கி, வாங்கும் பொறியிலுள்ள ரூட் பயனரை இயல்பாக நம்புவதில்லை. அவரை யாருமற்றவராகத் தாழ்த்திவிடும். தன் வேரே வழங்கியில் இருக்கும் பொறிக்கோ, அங்கு ரூட்டாக எழுத முடியாவிடில் பல பணிகள் நடவா. எனவே வழங்கியைப் பராமரிப்பவர் அத்தாழ்த்தலைக் கைவிட வேண்டும். கைவிட்டால், அவ்வலையமைப்பில் தன் பொறியைச் செருகும் எவரும் அக்கோப்பகத்துக்கு எசமானர் ஆகலாம். பழைய என்எஃப்எஸ் பதிப்புகள், பொறி சொல்லும் பயனர் எண்ணை அப்படியே நம்பின. இன்றைய நடைமுறை நாசூக்கானது: வேர் படிக்க மட்டுமே பகிரப்படுகிறது, மாற்றங்கள் பொறியின் நினைவகத்தில் ஒரு மெல்லிய மேலடுக்காக எழுதப்பட்டு, மின்சாரம் நின்றதும் மறைகின்றன. மாணவர் எதைச் சிதைத்தாலும் மறுநாள் காலையில் பொறி புதிதாக எழும். ஆய்வகப் பொறுப்பாளருக்கு இது வரம். தானே ஒரு மென்பொருளை நிறுவிப் பழக விரும்பும் மாணவருக்கோ அவர் செய்த அனைத்தும் ஒவ்வோர் இரவும் அழிகிறது.

பல்கலைக்கழகத்தில் இவ்வழங்கியை அமைப்பவர் முதலில் மோதுவது நெறிமுறையோடு அன்று, நிர்வாகத்தோடு. ஒரு வலைத்துண்டில் முகவரி வழங்குபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும்; அவர் பெரும்பாலும் கணினி மையம். துறை ஆய்வகத்தில் எழுப்பப்பட்ட புதிய டிஎச்சிபி வழங்கி, பக்கத்துத் துறையின் கணினிகளுக்கும் தவறான முகவரி கொடுத்து வளாகத்தைக் குழப்பக்கூடும். பிஎக்ஸ்இ தரத்தை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்திருந்தனர். முகவரி எதையும் வழங்காமல், துவக்கக் கோப்பு எங்கிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும் துணை டிஎச்சிபி ஒன்றை அத்தரம் அனுமதிக்கிறது. சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் அவ்வேலையைச் சில வரிகளில் செய்கிறது. கணினி மையத்தின் வழங்கியில் ஓரெழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. தொழில்நுட்பத் தரங்களை எழுதுபவர்கள் நிறுவனங்களின் உள்ளெல்லைகளை எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. இரு அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசாமலிருக்க உரிமை தரும் விதி ஒன்று, ஒரு மடலின் வடிவில் எழுதப்பட்டிருக்கிறது.

மையப்படுத்தலே ஒரே வழி என்று எண்ணவும் வேண்டாம். 2001இல் தொடங்கி 2017இல் கைட் ஆன கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் வேறு வழியை எடுத்தது. அங்கு பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள் ஒவ்வொரு பொறியின் வட்டிலும் நிறுவப்பட்டது. நிறுவவும் பழுதுபார்க்கவும் பள்ளி ஆசிரியர்களே பயிற்றப்பட்டனர். மையத்தில் ஒரு வழங்கியும் ஓர் ஒப்பந்தக்காரரும் இருப்பதற்குப் பதிலாக, பள்ளிதோறும் அறிந்தவர் ஒருவர். ஒப்பிடுகையில், ஒரே கணினியைப் பல இருக்கைகளாகப் பங்கிடும் கருவிகளை ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளில் நிறுவிய ஆந்திரப் பிரதேசத்தின் திட்டம், இருக்கையொன்றுக்கான செலவையே முதன்மைக் கணக்காகக் கொண்டது. முதல் வழியில் செலவு மனிதர்கள் மீது; இரண்டாவதில் பொறிகள் மீது. கிரேக்கப் பள்ளிகளின் அனுபவம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: அங்கு பணியாற்றிய அல்கிஸ் ஜியார்கோபூலஸ் 2019இல் எல்டிஎஸ்பியை முழுவதும் மறுபடி எழுதினார். புதிய வடிவில் பயன்பாடுகள் மாணவரின் பொறியிலேயே இயங்குகின்றன. வழங்கி இயங்குதளத்தின் படிமத்தை மட்டும் தருகிறது. ஆசிரியர் ஒரு கணினியைச் சீராக வைத்திருந்தால் போதும், மற்றவை அதன் நிழல்கள். வட்டில்லாக் கணினி அங்கு மையத் தலைமைச் செயலகத்தின் கருவியாக இல்லாமல், ஓர் ஆசிரியரின் கருவியாகியிருக்கிறது. ஒரே நுட்பம், அதை வைத்திருக்கும் கை வேறு. எத்தனை மென்பொருள் உரிமம் மிச்சமானது என்று மட்டும் கணக்கிடும் மதிப்பீட்டு அறிக்கைகள் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

மீகணினிக் கொத்துகள் இதே நுட்பத்தை எந்தத் தயக்கமுமின்றி ஏற்றன. எக்ஸ்கேட், வேர்வுல்ஃப் போன்ற கருவிகள் நூற்றுக்கணக்கான கணுக்களை வட்டின்றி ஒரே படிமத்திலிருந்து எழுப்புகின்றன. அங்கு கணுவின் முன் எவரும் அமர்ந்திருப்பதில்லை. ஆகவே உரிமைக் கேள்வியும் எழுவதில்லை.

நம்பிக்கைக் கேள்வி மட்டும் எங்கும் எஞ்சியிருக்கிறது. இருட்டறையில் விழித்த பொறி, ‘யாரேனும் இருக்கிறீர்களா?’ என்று கூவி, முதலில் விடை சொன்னவரை நம்புகிறது. பூட்பியும் டிஎஃப்டிபியும் நம்பிக்கையான சிறு ஆய்வகச் சூழலில் பிறந்தவை. விடை சொன்னவர் யாரென்று சோதிக்க அவற்றில் வழியே வகுக்கப்படவில்லை. யூஇஎஃப்ஐ தரம் 2015இல் எச்டிடிபி வழித் துவக்கத்தைச் சேர்த்தது. மறையாக்கமும் சான்றிதழும் கொண்ட பாதை அதனால் சாத்தியமாயிற்று. ஆனால் அடுக்குகள் பெருகப் பெருகப் பிழைகளும் பெருகின. பெரும்பாலான நவீன நிலைபொருள்களுக்கு அடிப்படையான ஈடிகே-2 நிரல்தொகுப்பின் வலைப்பகுதியில் ஒன்பது பாதுகாப்புக் குறைகளை, பிக்ஸிஃபெயில் என்ற பெயரில், குவார்க்ஸ்லேப் நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. இயங்குதளம் எழுவதற்கு முன்பே, அதே வலையமைப்பிலுள்ள ஒருவர் பொறியைக் கைப்பற்ற அவற்றில் சில இடம் தந்தன.

பாதுகாப்புத் துவக்கம் என்னும் ஏற்பாடு, கையொப்பமிடாத நிரலை ஏற்க மறுப்பதன் மூலம் இதற்கு விடை தேடுகிறது. பெரும்பாலான பொறிகளின் நிலைபொருளில் பதிந்துவரும் சாவி மைக்ரோசாஃப்டினுடையது. ஆகவே லினக்ஸ் வழங்கி தரும் முதல் கோப்பும், ஷிம் என்னும் சிறு நிரலாக, மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு வரவேண்டியிருக்கிறது. அதற்குப் பயன்பட்ட 2011ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூனில் முடிகிறது. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சாவி வருகிறது. நிலைபொருள்கள் பொதுவாகக் காலாவதித் தேதியைச் சோதிப்பதில்லை என்பதால் பழைய ஷிம் பழைய பொறியில் தொடர்ந்து எழும். புதிய சாவியால் மட்டும் கையொப்பமிடப்பட்ட ஷிம், அச்சாவியை நிலைபொருளில் பெறாத பொறியில் எழாது. நிலைபொருள் புதுப்பிப்பைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்ட பத்தாண்டுப் பழைய கணினிகளும் சென்ற ஆண்டு வாங்கிய கணினிகளும் ஒரே கூடத்தில் கலந்திருக்கும் ஆய்வகத்தில், எந்த வன்பொருள் முகவரிக்கு எந்த ஷிம் என்று வழங்கியின் அமைப்புக் கோப்பில் ஒரு பட்டியல் எழுத வேண்டியிருக்கும். 1984இல் ஸ்டான்ஃபர்டின் ரார்ப் வழங்கி வைத்திருந்ததும் அத்தகைய பட்டியல்தான்: இடப்பக்கம் வன்பொருள் முகவரி, வலப்பக்கம் அதற்கு உரியது.